இப்போது சுழல்வது

"செத்த வீட்டுல பாட்டுப் போடதுக்கு இது என்ன கல்யாண மண்டபமா ஓய்?"

ராஜையன் மாமா கத்தியதில், ஆரியசாலைத் தெருவில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீர் ஏன் ஓய் கத்தறீர்? சாரோட ஆத்மா கேட்டுண்டுதான் இருக்கும்" என்றார் மாலை போட வந்திருந்த சேஷன். அவரும் ஒன்றும் மெதுவாகச் சொல்லவில்லை.

"ஆத்மாவுக்காவது கேக்குமா? அத்தானுக்குத்தான் ரெண்டு வருசமா காது..."

"மாமா!" என்றாள் ஸ்ரீப்ரியா. "நான் போடுதேன். நீங்க வாசல்ல வண்டி வந்தாச்சான்னு பாருங்க."

அவளுடைய அப்பா சிவதாணு, மொத்த மளிகைக் கடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், தாடை கட்டி, மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்துக் கூடத்தில் கிடந்தார். காதுப் பஞ்சு ஒரு சடங்குதான். அந்தக் காதுகள் அடைத்து இரண்டு வருடமாகிறது. காய்காரி முதல் பால்காரன்வரை தெருவுக்கே தெரியும். தெரியாதவர்கள் பாட்டுப் போடச் சொல்லி வந்து நிற்கும் இந்த இசை ரசிகர்கள் மட்டும்.

வாட்ஸாப்பில் 'இப்போது சுழல்வது' என்று ஒரு குழு. தினம் காலையில் ஒவ்வொருவரும் தாம் கேட்டுக்கொண்டிருக்கும் இசைத்தட்டின் உறையைப் படமெடுத்துப் போட்டு, கீழே நாலு வரி எழுத வேண்டும். அடுத்தவன் எழுதியதற்கு ஆஹா போடவேண்டும். அவன் போட்ட தட்டைக் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை. அதில் சிவதாணுதான் பெரிய தலை.

காது போனபோது அவர் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இவனுகளுக்குத் தெரியாண்டாம் மக்கா. தெரிஞ்சா பாவம்னு சொல்லுவானுக. அது மட்டும் எனக்கு ஆகாது."

அன்றிலிருந்து உறையை அவர் எடுத்துக்கொடுப்பார், வரிகளை ஸ்ரீப்ரியா எழுதுவாள். தட்டைப் போட்டுக் கேட்க அவளுக்கு ஏது நேரம்? வஞ்சியூரில் வக்கீல் ஆபீஸ் வேலை. உறையைப் பார்ப்பாள், பஸ் ஏறுவதற்குள் எழுதிவிடுவாள். மேகம் இருந்தால் 'ஈரமான வயலின்'. மாடு இருந்தால் 'மண்வாசம்'. "ஸாரின் செவிக்குள் பிறந்த வரி!" என்று பதில் வரும். கல்லூரியில் பாடம் நடத்தும் அனீஷ் ஒருமுறை அதைத் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டிக்கொண்டான். இந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் வீட்டுப்படி ஏறியதில்லை. இன்று பூமாலையோடு வந்திருந்தார்கள்.

"ஸார் கடைசியா போட்டது எதுவோ, அதத்தான் போடணும்" என்றார் குற்றாலலிங்கம், முன்னாள் பேங்க் மேனேஜர். கறுப்பு ஜிப்பாவில் வந்திருந்தார். சாவுக்கென்றே தைத்ததுபோல் பொருத்தமாக இருந்தது.

அனீஷ் செல்போனைப் பார்த்து உரக்க வாசித்தான். "'மலைக்குகைக்குள்ளிருந்து எழும் முதிய ஆண்குரல். என்ன கனம்!' நேற்று காலை ஆறே கால்."

ஸ்ரீப்ரியா அந்தத் தட்டைத் தேடி எடுத்தாள். உறையில் ஒரு மலை, வாசிக்கத் தெரியாத எழுத்து. ஆளின் படம்கூட இல்லை. சாலைக் கடைத்தெருவில் பழைய பேப்பர்க்காரனிடம் வாங்கியது. குகையும் கிழவரும் அவள் பல் தேய்க்கும்போது உண்டாக்கியவர்கள்.

அம்மா முத்தாரம்மாள் தலைமாட்டில் இருந்து அவளைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஸ்ரீப்ரியா தட்டை வைத்து முள்ளை இறக்கினாள். இறக்கியதும் கீச்சென்று ஒரு சின்னப் பெண்ணின் குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. குற்றாலலிங்கத்தின் புருவம் ஏறியது.

"மிஷின் சூடாகல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கத்திலிருந்த வேக விசையை நாற்பத்தைந்திலிருந்து முப்பத்து மூன்றுக்குத் தள்ளினாள். சிறுவயதில் பாடகிகளைக் கிழவர்களாக்கி விளையாடி, அப்பாவிடம் அடி வாங்கிய அதே விசை.

பெண் தேய்ந்து, கரகரத்து, ஆணானாள். அறுபது வயதுக் கிழவராக நின்றாள்.

"பழைய பெல்ட்டு. ஏறி இறங்கத்தான் செய்யும்" என்று சேஷன் விளக்கினார், கண்ணை மூடிக்கொண்டே.

"ஸார் எழுதியது போலத் தன்னே!" என்றான் அனீஷ், தன் மலையாளத் தமிழில்.

"கனம்... கனம்" என்று குற்றாலலிங்கம் தொடையில் தாளம் போட்டார். தாளம் பாட்டோடு சேரவில்லை. பிணத்தின் முன் மூன்று தலைகள் ஆடுவதை வாசலில் நின்ற ராஜையன் மாமா பார்த்தார். வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. தைக்காடு சாந்திகவாடம் சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பியது. குழுவில் அன்று முழுக்க அதே மலைப்படம்தான்.

அடுத்து வந்த ஆவணியிலேயே முத்தாரம்மாள் வீட்டை ஒழித்துக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் தம்பி ராஜையன் வீட்டோடு போய்விட்டாள். 'கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை' என்று குற்றாலலிங்கம் தன் மகனுக்கு ஸ்ரீப்ரியாவைக் கேட்டு வந்தார். அவன் கித்தார் வாசிப்பானாம். அவள் முடியாது என்றாள். தை மாதம் பாளையங்கோட்டையில் கோழித்தீவன வியாபாரி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். தெருவுக்கு அதில் கொஞ்சம் இளக்காரம்தான்.

மறுவீட்டுக்கு நாகர்கோவில் போகும்போது காரில் அவன் கேட்டான்.

"பாட்டு ஏதும் போடட்டா?"

"வேண்டாம். நீங்க பேசுங்க."

அவனுக்குத் தெரிந்தது தீவனம்தான். மக்காச்சோளம், புண்ணாக்கு, குஞ்சுக்கு எது, முட்டைக்கோழிக்கு எது என்று நாங்குநேரி தாண்டியும் பேசிக்கொண்டே வந்தான். அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.