அந்தியேட்டிச் சாப்பாடும் சிவப்பு அட்டையும்

1.
விடயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது கடிதம் எழுதிப் பழகியவனின் வழக்கம். இந்தக் கதை, எழுத முடியாமற்போன வேறொரு கதையிலிருந்து பிறந்தது. விக்டோரியா மகாராணி காலத்து ரொறன்ரோவில் வீடு வீடாகப் போய்க் கழிவுக்குழி பார்த்த சுகாதாரப் பரிசோதகர் ஒருவரைப் பற்றித்தான் தொடங்கினேன்.

குதிரை வண்டிகள் சேறு தெறிக்க ஓடிய அந்த வீதியில், பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு—

இதற்குமேல் வரவில்லை. அந்த மனிதர் காலையில் என்ன சாப்பிடுவார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்துச் செங்கல் வீடுகள் இன்னமும் நிற்கின்றன. சிலவற்றின் அடியில் பழைய களிமண் குழாய்களும் கிடக்கின்றன. அப்படியொரு வீட்டில் தமிழ்ச் சாப்பாட்டுக்கடை ஒன்றை வைத்தேன். மேல்மாடியில் குடியிருப்பவர்கள், பேஸ்மென்ற்றில் சமையல். காலம், இன்றைக்கு. கதை ஓடத் தொடங்கிவிட்டது.

2.
கடைக்காரர் தில்லையம்பலம். பரிசோதகர் ஜெயமலர். (முதலில் மரியோ என்றொருவரை அனுப்பினேன். சாம்பிராணிப் புகையைக் கண்டதும், பூசை நடக்கிறதாக்கும் என்று அவர் மரியாதையாக வெளியே நின்றுவிட்டார். கதையும் அவரோடு வெளியே நின்றது. ஆளை மாற்றினேன்.)

"வாரும் பிள்ளை. ரீ போடட்டே?"

"வேண்டாம் அங்கிள். இதென்ன புதன்கிழமை காலமை சாம்பிராணி?"

"ஏன், புதன்கிழமை சாமிக்கு லீவே?"

"சாமிப்படம் இஞ்சை மேலையெல்லோ இருக்கு. புகை கீழையிருந்து வருது."

3.
கீழே, தரையிலிருந்த வடிகால் வாயால் கறுப்புத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. அதனருகே சாம்பிராணித் தட்டு. ஓரடி தள்ளி ஊறப்போட்ட உழுந்தும் வெட்டிய கத்தரிக்காயும்.

"மேலை சனம் குளிச்சால் கொஞ்சம் பொங்கும். பிறகு வத்திடும்."

"இது குளிச்ச தண்ணியில்லை, அங்கிள்."

"நாளைக்குக் குணவதியின்ரை மனுசன் செத்து முப்பத்தொண்டு, அந்தியேட்டி. சாப்பாடு இஞ்சையிருந்துதான். ஹோல் நிறையச் சனம். இண்டைக்கு நீர் பூட்டினால் அந்த மனுசி என்ன செய்யும்?"

ஜெயமலர் அஜின்கோர்ட்டில் குணவதிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அழைப்பு அவருக்கும் உண்டு. (இந்த உறவை நான்தான் வேண்டுமென்றே முடிச்சுப்போட்டேன். வளைந்துகொடுப்பாரோ என்று பார்க்க ஆசை.)

ஜெயமலர் பெருமூச்சுடன், நிபந்தனையோடு திறந்திருக்கலாம் என்னும் மஞ்சள் அட்டையை எடுத்து—

இல்லை, எடுக்கவில்லை.

"நீரும் வருவீர்தானே?" என்றார் தில்லையம்பலம். "சாப்பிடாமல் போவீரே?"

"அதுதான் பயம் அங்கிள். அந்தியேட்டியிலை ஆர் சாப்பிடாமல் எழும்புறது? கெட்ட மணம் அடிச்சாலும் மரியாதைக்கு இரண்டு வாய் வைப்பினம். கிழடு, குஞ்சு குருமன் எல்லாம்."

கடைக் கண்ணாடியில் சிவப்பு அட்டை ஏறியது. இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. கடையைப் பூட்டத்தான் வேண்டும்.

4.
முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் குழாய் திருத்துபவர் ஓடிவந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறார். களிமண் குழாய் அவ்வளவு நல்ல பிள்ளையில்லை. மற்றதில் யூனியன்வில் கடையொன்று உடனே சமைக்க ஒப்புக்கொள்கிறது. கதாசிரியன் கூப்பிட்டவுடன் அடுப்பு மூட்டும் கடை எங்கே இருக்கிறது? இரண்டையும் வெட்டிவிட்டேன்.

மிஞ்சியது இதுதான். தில்லையம்பலம் குணவதியின் எண்ணை அழுத்திப் போனை நீட்டுகிறார்.

"நான் சொல்லமாட்டன். பூட்டினது நீர். நீரே சொல்லும்."

அட்டையை ஒட்டியதோடு ஜெயமலரின் வேலை முடிந்தது. போய்விடலாம். ஆனாலும் போனை வாங்கினார். மறுபக்கத்தில் குணவதி முந்திக்கொண்டார்.

"தில்லையம்பலம் அண்ணையே? கத்தரிக்காய்ப் பால்கறியை மறந்திடாதேங்கோ. அவருக்கு உங்கடை கறி எண்டால் வேறை ஒண்டும் வேண்டாம்."

"அன்ரி, நான் மலர் கதைக்கிறன்."

அடுத்த வசனத்தை எழுதி எழுதி அழித்துவிட்டேன். அதிகாரியாக எழுதினால் குணவதி அழுகிறார். அயலவளாக எழுதினால் உண்மை பாதியில் நின்றுவிடுகிறது. வாசகரே, போன் இப்போது உங்கள் கையில்.

"மலரே? என்ன பிள்ளை, சொல்லு."