காந்தா சொன்ன எட்டு

எனக்குப் பொறுமை குறைவு. பிசியோதெரபிஸ்டுக்கு ஆகாத குணம் அது என்று படிக்கும்போதே சொன்னார்கள். இருந்தும் சேலையூரில் பதினைந்து வருடமாக என் கிளினிக் நடக்கிறது, முதுகும் முழங்காலும் தோளுமாக ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் அந்தக் குணத்தை மாற்றிக்கொள்ள எனக்கு அவசியம் வரவில்லை.

வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "பத்துக்கு எவ்வளவு வலிக்குது?" என்பதுதான். அதற்கென்றே சுவரில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். பூஜ்யத்துக்குச் சிரிக்கிற முகம், பத்துக்கு அழுகிற முகம். 2007 ஆனி முதல் வாரத்தில் வந்த காந்தாக்கா அந்த அட்டையைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இதுல என் மூஞ்சி ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா" என்றார்.

நான் டாக்டர் இல்லை, என் பெயர் ஞானஜோதி என்று மூன்று தரம் சொன்னேன். பலிக்கவில்லை.

காந்தாக்கா மீன் விற்கிறவர். விடிகாலையில் கோவளம் கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, வண்டலூர் வழியாகத் தாம்பரம் வந்து தெருத் தெருவாக விற்பார். மற்ற மீன்காரர்கள் வாசலில் நின்று, "ஒரு கை குடும்மா" என்று கேட்டுத்தான் கூடையை இறக்குவார்கள், ஏற்றுவார்கள். காந்தாக்கா யாரையும் கேட்டதில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அன்னக்கூடையை முதலில் முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தலைச் சும்மாட்டுக்கு என்று மூன்றே அசைவில் தானே தூக்கிவிடுவார். இருபது வருடமாக இப்படித்தான். இப்போது வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்குக்கூட ஏறவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு, சர்க்கரை இருப்பவர்களுக்கு இது சகஜம்.

மகன் வினோத்குமார் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலையில் இருந்தான். அம்மா இனிமேல் வீட்டில் இருக்கட்டும் என்பது அவன் ஆசை. அம்மாவா கேட்பார்? கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆவணி முதல் தேதி காந்தாக்கா யார் கையும் படாமல் கூடையைத் தலையில் ஏற்றினால் தொழிலுக்குப் போகலாம். முடியாவிட்டால் கூடையைத் தொடக்கூடாது.

"நான் ஏத்துவேன். நீ கைய மட்டும் சரி பண்ணிக் குடு" என்றார் என்னிடம்.

"பத்துக்கு எவ்வளவுக்கா?"

"எட்டு."

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் மீன் வாங்குவோம். என் அப்பா லாசரஸ் வாத்தியார், மீன்காரர் இருநூறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நூறு என்று ஆரம்பிப்பார். அவர்களும் அது தெரிந்துதான் இருநூறு என்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நான், காந்தாக்கா எட்டு என்றதும் மனசுக்குள் நாலு என்று போட்டுக்கொண்டேன். நாலு தாங்கக்கூடிய வலி. படுக்க வைத்துக் கையைப் பிடித்து மேலே தள்ளினேன்.

காந்தாக்கா அழவில்லை. "சங்கரா! வவ்வா! நெத்திலியே!" என்று உச்சக் குரலில் கூவினார். தெருவில் கூவுகிற அதே கூவல். வலி ஏற ஏற மீன் பெயரும் கூடியது, வஞ்சிரத்தில் போய் நின்றது. வெளியே முழங்காலுக்காகக் காத்திருந்த ராஜகோபால் சார், ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், சுத்த சைவம். "மேடம், இது கிளினிக்கா, காசிமேடு மீன் மார்க்கெட்டா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

தினமும் இதே கதை. எவ்வளவு என்பேன், எட்டு என்பார், நாலு என்று எடுத்துக்கொண்டு தள்ளுவேன், அவர் கூவுவார். நாலாவது வாரம் ஒரு நாள் கூவல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். சரி, வலி குறைந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"இன்னைக்கு அம்மா ஏன் கூவலை?" என்று ராஜகோபால் சார் கேட்டார்.

"வலி குறைஞ்சிருக்கு சார்."

"எனக்கென்னவோ அப்படித் தோணலை" என்றார். முழங்காலைக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த இரண்டு நாள் காந்தாக்கா வரவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி யூனிபார்மோடு வினோத்குமார் வந்து நின்றான். பின்னால் அம்மா.

"ராவெல்லாம் செவுத்துல சாஞ்சி உக்காந்துகினு கீது மேடம், படுக்க முடியல. நீங்க இன்னாதான் பண்றீங்க? போதும், இத்தோட நிறுத்திக்கலாம்."

"நிறுத்தறேன்னு நான் சொன்னனா?" என்றார் காந்தாக்கா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு வலி இருந்தா ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

"சொன்னேனே. தெனம் எட்டு எட்டுன்னு சொன்னேனே."

"நான் அதை நாலுன்னு எடுத்துக்கிட்டேன்."

"ஏன்?"

வாய் வரைக்கும் வந்ததை விழுங்க முடியவில்லை. "மீன்காரங்க எப்பவும் ரெண்டு மடங்கு சொல்வாங்கன்னு..."

வினோத்குமார் தரையைப் பார்த்தான். காந்தாக்கா என்னைப் பார்த்தார்.

"மீனுக்குத்தான் ரெண்டு வெலை டாக்டரம்மா. சொல்றது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணு. என் ஒடம்பையா நான் விக்க வந்தேன்? எட்டுன்னா எட்டுதான்."

"அப்ப அன்னைக்கு ஏன் கூவலை?"

"கூவ மூச்சு பத்தல. படிச்சவங்க, எட்டுலயும் தள்ளணும்போலன்னு பல்லக் கடிச்சிகினு இருந்தேன்."

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அன்று கேட்டேன், மகன் முன்னாலேயே கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் ஒரு மாதம் எட்டைத் தாங்கிக்கொண்டு என் மேல் நம்பிக்கை வைத்திருந்ததை நினைத்தபோது, என் வெட்கம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். முதல் நாலு நாள் கையைத் தூக்கவே இல்லை, ஒத்தடம் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். "அஞ்சு" என்று அவர் சொன்ன அந்த இடத்திலேயே என் கை நின்றுவிடும். அங்கேயே பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். நாலு என்றால் இன்னும் ஒரு விரற்கடை. என் பொறுமையின் லட்சணத்துக்கு அது பெரிய தண்டனைதான். ஆனால் ஒரு மாதமாக முரண்டு பிடித்த கை பத்தே நாளில் காதைத் தாண்டியது. சுவரில் விரலால் ஏறி ஏறி, ஆடி முடிவதற்குள் உச்சந்தலையைத் தொட்டது. கூவலும் திரும்பி வந்தது, நெத்திலியோடு நின்றுவிடும் சின்னக் கூவல்.

ஆவணி முதல் தேதி காலை ஏழு மணிக்குக் கிளினிக் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. முழுக் கூடை கூடாது, பாதிதான் என்று நான் கட்டளை போட்டிருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வினோத்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

காந்தாக்கா சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தார். உட்கார்ந்தார். கூடை முழங்காலுக்கு ஏறியது. மார்புக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. வலது முழங்கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. வினோத்குமாரின் கை தானாக நீண்டது. என் கையும்தான்.

"கைய எடுங்க ரெண்டு பேரும்."

எடுத்தோம். ஒரு மூச்சு இழுத்தார். "சங்கரா! வவ்வா! நெத்திலியே! வஞ்சிரமே!" தெருவே திரும்பிப் பார்த்தது. கூவல் முடியும்போது கூடை தலையில் இருந்தது. ஐஸ் தண்ணீர் கன்னத்தில் வழிய நிமிர்ந்து எழுந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"வலிக்குதாம்மா?" என்று மகன் கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும்.

"ஆறு" என்றார்.

"அப்ப வேணாம்மா. எறக்கு."

"ஆறும் என்னுது, கூடையும் என்னுது. தூக்கறேன்னு சொன்னேன், தூக்கிட்டேன். வலிக்காதுன்னு எப்ப சொன்னேன்?"

அவன் என்னைப் பார்த்தான். "ஆறுன்னா ஆறுதான் தம்பி. தாங்காத வலின்னா அதையும் சொல்லியிருப்பாங்க" என்றேன்.

எனக்கு ஒரு கிலோ சங்கரா வேண்டும் என்று கேட்டேன். தானே கூடையை இறக்கி, நிறுத்துப் போட்டு, "நூத்தியறுவது" என்றார். அவர் சொல்லை இனி ஒருநாளும் குறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முழுசாக எடுத்து நீட்டினேன்.

காந்தாக்காவின் முகம் மாறிவிட்டது. "இன்னா டாக்டரம்மா இது, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இது மீனு. பேரம் பேசு."

"எண்பது" என்றேன்.

"அடி ஆத்தீ! நூறு."

தொண்ணூறில் முடிந்தது. ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால், மார்பு. மறுபடியும் அங்கே முழங்கை நடுங்கியது. நான் வினோத்குமாரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை.