ரெண்டு ஓட்டு டீச்சர்

“அங்க போய் நீ என்னக்கா பண்ணுவே?” பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே தங்கை கேட்டாள்.

“எல்லா நாட்டு நாடாளுமன்றத்துக்காரங்களும் ஒண்ணா உட்கார்ந்து பேசுவாங்கடி.”

“அவங்க பேசுவாங்க. நீ?”

“நான்... கூட உட்கார்ந்திருப்பேன்.”

“உட்கார்றதுக்கா இவ்ளோ தூரம் பறந்து போறே? நம்ம வீட்டுலயே நாற்காலி இருக்கே!”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, மடித்த துணியைத் தடவியபடியே தங்கை சொன்னாள்: “இந்தத் தடவை சின்னப் பொண்ணுங்க கல்யாணத்தைப் பத்தி முடிவு எடுக்கறாங்களாமே. பேப்பர்ல பார்த்தேன். நல்லபடியா ஓட்டுப் போட்டுட்டு வாக்கா.”

ஒன்பதாம் வகுப்பின் பாதியில் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். பதினாறு வயதில் பெற்ற பிள்ளை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

பெரிய மாநாட்டு மண்டபத்தில், காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். டீச்சரின் காதில் விழுந்ததோ தங்கையின் குரல்தான்.

பள்ளிக்கூட வேலையை விட்டு நாடாளுமன்ற உறுப்பினராகி ஆண்டுகள் சில ஓடிவிட்டன. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். இந்தப் பேரவைக்கு வந்திருக்கும் அவர் நாட்டுத் தூதுக்குழுவில் மற்ற எல்லோரும் ஆண்கள். குழுவின் தலைவர் நல்ல மனிதர். விமானத்தில் டீச்சரின் பெட்டியைத் தானே தூக்கி மேலே வைப்பார். “தங்கச்சி சாப்பிட்டாச்சா?” என்று கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். ஆனால் இந்த மூன்று வருடப் பயணங்களில், “தங்கச்சி, நீங்க என்ன நினைக்கறீங்க?” என்று மட்டும் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஏன் என்பதை முதல் வருடமே குழுவிலிருந்த வக்கீல் சிரித்துக்கொண்டே உடைத்துவிட்டார். “இந்தப் பேரவையில ஒரு விதி இருக்கு டீச்சர். ஆம்பளைங்க மட்டும் வந்தா நம்ம பத்து ஓட்டுல ரெண்டை வெட்டிடுவாங்க. அதான் உங்களைக் கையோட கூட்டிட்டு வர்றோம்!” அன்றிலிருந்து, ஹோட்டல் வாசலில் வண்டி நின்றால், “ரெண்டு ஓட்டு ஏறியாச்சா? அப்போ கிளம்பலாம்,” என்பார் அவர். வண்டியே சிரிக்கும். டீச்சரும் சிரித்து வைப்பார். சிரிக்காவிட்டால், ‘பொம்பளைக்கு எதுக்கெடுத்தாலும் ரோஷம்’ என்று பெயர் வந்துவிடுமே!

பெற்றவர்கள் சம்மதித்தாலும் பதினெட்டு வயதுக்குள் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடாது என்பதுதான் அன்றைய தீர்மானம். காலையில் காபி மேஜையிலேயே தலைவர் முடிவைச் சொல்லிவிட்டார்.

“பத்தும் எதிர்ப்புதான். பெத்தவங்க சம்மதமே செல்லாதுன்னு சொன்னா ஊர்ல பெரியவங்க சும்மா விடுவாங்களா? தேர்தல் வேற வருது.”

டீச்சர் வாயைத் திறந்தார். “தங்கச்சி, அந்தச் சர்க்கரையை இப்படித் தள்ளுங்க,” என்றார் தலைவர். திறந்த வாய் மூடிக்கொண்டது.

மதிய இடைவேளையில், குழுவின் செயலாளரை நடைவழியில் நிறுத்தி மெல்லக் கேட்டார் டீச்சர்.

“தம்பி, ஒரே நாட்டு ஓட்டைப் பிரிச்சுப் போடலாமா?”

“தாராளமா போடலாம் மேடம். பாதி ஆதரவு, பாதி எதிர்ப்புன்னு எத்தனையோ நாடுங்க போடுதே. தலைவர் ஒத்துக்கணும், அவ்ளோதான்.”

“நம்ம குழுவுல யாராவது போட்டிருக்காங்களா?”

“யாரும் கேட்டதில்ல மேடம்.”

அந்த ஒரு சொல் டீச்சரை உலுக்கியது. இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. கேட்டால்தானே மறுப்பதற்கு!

வாக்கெடுப்பு தொடங்கியது. அவைத்தலைவர் ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்லி அழைக்க, அந்தந்தக் குழுவின் தலைவர் ஒலிவாங்கியில் பதில் சொன்னார். எண்ணிக்கை இழுபறியாகவே நகர்ந்தது. முறை நெருங்க நெருங்க டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்று வாய் நிறைய ‘தங்கச்சி’ என்று அழைக்கும் தலைவர் நாளைக்கு முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். அடுத்த தேர்தலில் சீட்டும் போகலாம். ஊருக்குத் திரும்பி, ‘பத்தும் எதிர்ப்பு’ என்று தங்கையிடம் சொல்வதை நினைத்துப் பார்த்தார். அது மட்டும் முடியாது என்று தோன்றியது.

அவர்கள் நாட்டின் பெயர் ஒலித்தது. தலைவர் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார்.

“அண்ணே, கொஞ்சம் இருங்க.”

“என்ன தங்கச்சி? உடம்பு முடியலையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே.”

“ரெண்டு ஓட்டுக்குத் தூக்கம் கலைஞ்சிடுச்சு போல,” என்று வக்கீல் முணுமுணுத்தார். இந்த முறை டீச்சர் சிரிக்கவில்லை.

“என் கூடப் பிறந்தவளுக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம் பண்ணாங்க. பெத்தவங்க முழு மனசா சம்மதிச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுல சம்மதிச்சாங்க. அவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கல.” டீச்சர் தலைவரின் முகத்தை நேராகப் பார்த்தார். “மூணு வருஷமா நீங்க என்னையும் கேட்கலண்ணே.”

வக்கீல் மேஜையைப் பார்த்தார். அவைத்தலைவர் இரண்டாம் முறையாக நாட்டின் பெயரைச் சொன்னார். தலைவரின் விரல் ஒலிவாங்கியின் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“ஒரு பொம்பளைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுட்டா, அவளுக்குப் பங்கு குடுத்ததா ஆயிடாது. அவ பேச்சும் சபையில ஏறினாத்தான் அது பங்கு. இல்லேன்னா வெறும் தலைக்கணக்கு. வீட்டுலயும் அப்படித்தான், நாட்டுலயும் அப்படித்தான்.”

தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டாச்சா என்று கேட்கும்போது பார்க்கிற பார்வை அல்ல அது. பக்கத்தில் ஒரு உறுப்பினர் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டவர்போல இருந்தார்.

டீச்சர் ஒலிவாங்கியின் பக்கம் கையை நீட்டினார்.

“எட்டு ஓட்டு உங்களோடது. எப்படி வேணா போடுங்க. என்னால வந்த ரெண்டையும் எனக்குக் குடுங்கண்ணே. ஆதரவுன்னு நானே சொல்றேன்.”