நூற்றுப் பத்து நாள்

எம்.பி. மௌத்தாகி இருபதாம் நாள், கட்சிக்காரர் ஒருவர் சாய்ந்தமருதில் இருந்த எம்.பி.யின் வீட்டுக்கு வந்தார். விதவை உம்முஹபீபா, கணவன் இறந்தபின் காக்கும் இத்தாவில் திரைக்குப் பின்னால் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வாசல் தாண்டக்கூடாது.

“தங்கச்சி, புதுச் சட்டத்தில இடைத்தேர்தல் இல்ல. கட்சி பேர் குடுக்கிற ஆள்தான் எம்.பி. உங்கட தம்பி அரசாங்க உத்தியோகம், அவருக்கு ஏலா. உங்களுக்கு ஒரு தடையுமில்ல. வாற கிழமை கொழும்புக்கு வந்து சத்தியம் செய்தாச் சரி.”

எம்.பி. ஆனால் முடிக்கவேண்டிய வேலை ஒன்று அவளுக்கு இருந்தது. கணவர் கட்டத் தொடங்கிய பிள்ளைப்பேற்று விடுதி கூரையில்லாமல் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள்.

“இத்தா முடிய நூத்திப் பத்து நாள் இருக்கு, நானா. பொறுப்பீங்களா?”

“நாங்க பொறுப்பம். சட்டம் பொறுக்காதே, தங்கச்சி.”

“அப்ப வேற ஆளப் பாருங்க.”

மறுகிழமை வானொலியில் புது எம்.பி.யாக வேறு ஊர் ஆலை முதலாளியின் பெயர் வந்தது.

இத்தா முடிந்த அன்று குளித்து, முதலில் அந்த விடுதிக்குத்தான் போனாள். உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. தெருவில் ஒரு மாட்டுவண்டி நின்றது. அதில் பேற்று வலியோடு கிடந்த பெண் கேட்டாள்:

“ராத்தா, இத எப்ப திறப்பாங்க?”

உம்முஹபீபா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியோடு நடந்தாள்.