எழுதினவன்தான் அழிக்கணும்

பேய் பிசாசுன்னு பேசுறவங்களை நான் கிட்டயே சேர்க்க மாட்டேன். ஆனா எங்க டீக்கடைப் பலகையைப் பத்தி யாராச்சும் கேட்டா, இந்தச் சரசம்மா வாயை மூடிக்குவான்னு நெனைக்காதீங்க.

ஓசூர்ல கம்பெனிங்க வந்த புதுசு. பல்பு கம்பெனி கேட்டுக்கு எதிர்ல எங்க கடை. என் வீட்டுக்காரர் சென்னப்பன் வாசல் சுவத்துல ஒரு கரும்பலகை மாட்டி, பக்கத்துல சாக்பீஸ் டப்பாவும் தொங்கவிட்டாரு. யார் வேணும்னாலும் எழுதலாம். ரூம் காலி, ஆள் தேவை, பர்கூர்ல கல்யாணம், எல்லாம் அதுலதான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கலந்து கெடக்கும். படிக்க நிக்கிறவன் ஒரு டீயாச்சும் குடிப்பான் இல்ல? ஒரே ஒரு சட்டம்தான் வெச்சிருந்தாரு, எழுதினவன்தான் அழிக்கணும். வேற எவனாச்சும் அழிக்கிற துணியைத் தொட்டா கத்துவாரு.

ஒருநாள் காலையில முனிலட்சுமி பேரு அதுல ஏறிடுச்சு. அஞ்செட்டிப் பக்கத்துப் பொண்ணு, அதே கம்பெனியில வேலை. சூப்பர்வைசரோட பெங்களூரு லாட்ஜுல தங்கினான்னு எவனோ கட்டையில போறவன் எழுதிட்டான். அன்னிக்கு எங்க கடையில வடை பத்தல, அவ்வளவு கூட்டம்.

மத்தியானம் அந்தப் பொண்ணே வந்துச்சு. "பொய்ங்கண்ணா. ஞாயித்துக்கெழமை எங்கம்மா மாப்பிள்ளை வீட்டோட வருது. அழிச்சிருங்கண்ணா."

"பலகைதாம்மா என்னுது, எழுத்து என்னுதில்ல. உனக்காக அழிச்சா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

அது தானே துணியை எடுத்துச்சு. இவரு புடுங்கிட்டாரு. "யோவ், மனசா கல்லா? அழிச்சித் தொலையேன்"னு அடுப்பாண்ட இருந்து கத்தினேன். "இங்க நீ மொதலாளியா?"ன்னு என்மேல பாய்ஞ்சாரு. எழுத்து அப்படியே இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை காலையில முனிலட்சுமியை ஏரியில இருந்து தூக்கினாங்க.

இவரு மேல கேஸ் நடந்துச்சு. அந்தப் பொண்ணோட அம்மா நஞ்சம்மா கோர்ட்டு மூலையில குந்திக்கிட்டு கேட்டுச்சு. "எழுதினவன்தான் அழிக்கணும், அதான் எங்க கடை சட்டம்"னு இவரு கூண்டுல நின்னு சொன்னாரு. எழுதினவன் யாருன்னே தெரியல, பலகை வெச்சது குத்தமில்லன்னு விட்டுட்டாங்க. வந்த சூட்டோட பலகைக்குப் புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சாரு.

மறுநாள் தூறல். டீ ஆத்திட்டிருந்தவரு கை அப்படியே நின்னுச்சு. பலகையில ஈரம் பட்ட இடத்துல அந்தப் பேரு. நானும் என் ரெண்டு கண்ணால பாத்தேன். பலகையைக் கழட்டி அடுப்புல போட்டாரு. அடுத்த மழைக்கு அது தொங்கின சுவத்துல வந்துச்சு.

அப்புறம் வெயில்லயும் இவரு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. எனக்குத் தெரியல, டீ குடிக்க வந்தவங்களுக்கும் தெரியல. ஈரத்துணியும் கையுமா வெறும் சுவத்தைத் தேய்ப்பாரு. ஈரம் பட்டா எழுத்து வருதும்பாரு, எழுத்து வந்தா தேய்ப்பாரு. கூட்டம் போச்சு. பாவமாவும் இருந்துச்சு, வயிறும் எரிஞ்சுது.

ஒருநாள் அஞ்செட்டி பஸ்ஸுல இருந்து நஞ்சம்மா இறங்கி வந்துச்சு. டீ குடுத்தேன், வாங்கல. இவரு தேய்க்கிறதை ரொம்ப நேரம் பாத்துச்சு.

"எழுதினவன்தான் அழிக்கணும்னு சொன்னியேப்பா"ன்னுச்சு. "அப்போ நீதானா?"

இவரு திரும்பல. துணியை நனைச்சு மறுபடியும் தேய்ச்சாரு.