ஆரியசாலையில் சாய்ந்த அகஸ்தியர்கூடம்

போன மாசியில் அகஸ்தியர்கூடம் மலை, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு மீட்டரும் முழுசாக, ஆரியசாலைக் கடைத்தெருவில் கோலப்பனின் மிளகு ஏலக்காய் மொத்தக் கடைமேல் சாய்ந்து படுத்திருந்தது. உச்சி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே, அடிவாரம் கரமனை ஆற்றங்கரையில். சுவரில் ஒரு கீறல் இல்லை. தங்களைக் கூப்பிடாமல் யார் இறக்கியது என்று சண்டைக்கு வந்த சுமைதூக்கும் தொழிலாளிகள், அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்ப ஏற்றச் சொல்லிவிடுவார்களோ என்று நழுவினார்கள்.

காரணம் கோலப்பனின் மனைவி முத்தாரம்மாள். பெண்களும் ஏறலாம் என்று ஆனதிலிருந்து, அந்த உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. மலையேற ஆன்லைன் பாஸ் வருஷா வருஷம் கண் இமைப்பதற்குள் தீர்ந்தது. கிடைத்த வருஷம் மூட்டு இரண்டும் காலை வாரின. "இனி படத்துலதான் பாக்கணும்" என்று அவள் சொன்ன அன்று கோலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மொத்த வியாபாரி சரக்கைத் தேடிப் போவதில்லை. மாதிரிப் பொட்டலம்தான் கடைக்கு வரும். தரகன் ஜிபின் உச்சியிலிருந்து ஒரு பிடி மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தான். முத்தாரம்மாள் அதை முகர்ந்து பார்த்துத் தலைமாட்டில் வைத்தபடியே தூங்கிப்போனாள். பிசகு அங்கேதான். மாதிரியைச் சாயங்காலத்துக்குள் திருப்பாவிட்டால் மொத்தச் சரக்கையும் வாங்கிக்கொண்டதாக அர்த்தம் என்பது அந்தத் தெரு வழக்கம். விடிந்தபோது பாக்கிச் சரக்கு வந்து இறங்கியிருந்தது.

நம்பாதவர் ஒருத்தர்தான்: முத்தாரம்மாளின் தம்பி பகவதிப்பெருமாள், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். தெருவில் நின்றுகொண்டு, "வெறும் மேகம்" என்றார்.

"மேகத்துல வரையாடு மேயுமாடே?" என்றார் கோலப்பன்.

"அப்படியே வரவழைச்சாலும் ஆனமுடியல்லா வரவழைக்கணும் அத்தான்? ரெண்டாயிரத்து அறுநூத்துத் தொண்ணூத்தஞ்சு மீட்டர்!"

"மொதத் தரம் ஆனமுடி, ரெண்டாந் தரம் மீசைப்புலிமலை. எனக்குத் தெரியாதா? ஒங்க அக்கா ஆசைப்பட்டது இதுக்குல்லாடே."

அதற்குள் முத்தாரம்மாள் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, உச்சியில் கால் வைத்துவிட்டாள். பாகனை ஏற்றிக்கொண்ட யானைபோல மலை மெதுவாக எழுந்தது. "எக்கா, எறங்கு!" என்று மாடிக்கு ஓடிய பகவதிப்பெருமாள் சேலைத் தலைப்பைப் பிடிக்கப் போய், ஒரு வேரைப் பிடித்து, அதோடு மேலே போனார். கோலப்பன் கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடங்கினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மலை குனிந்து இருவரையும் இறக்கிவிட்டது. மேற்கே கடலும் கிழக்கே பாபநாசம் அணையும் பார்த்தாயிற்று, இனி மூட்டு என்ன ஆனால் என்ன என்றாள் முத்தாரம்மாள். பகவதிப்பெருமாள் இலை முன்னால் உட்கார்ந்தார். கெண்டைக்காலில் தொங்கிய அட்டையைப் பிடுங்கி இலைக்கு வெளியே போட்டார்.

"மேகத்துல அட்டையும் உண்டோ?" என்றார் கோலப்பன்.

"மலைதான் அத்தான். வந்துட்டு. அக்கா உச்சியில நின்னா, நானும் நின்னேன். இனி ரசத்த ஊத்தச் சொல்லும்."