ரௌனா வீட்டு விரல்

மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிவந்த ரௌனா, கிணற்றோர மணலில் அந்தக் காலடிகளைப் பார்த்தாள். பாரம் சுமந்த ஆண்கள் வெறுங்காலோடு, ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே போயிருக்கிறார்கள். அங்கோலாவிலிருந்து எல்லை தாண்டி வரும் நம் விடுதலைப் படைப் பிள்ளைகள், ஊர் நெருங்கியதும் பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார்கள். பூட்ஸ் தடம் காட்டிக் கொடுத்துவிடும். மிச்சத் தடத்தை மந்தை ஓட்டி அழிப்பது ஊர்க்காரர்கள் பாடு. ஓவாம்போ நாட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவள் கோலை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஒரு காலடியில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் மண்ணில் படவே இல்லை. படாது. அது கட்டைவிரல் மேல் ஏறிக் குந்திக்கொண்டிருக்கும் விரல். ரௌனாவின் காலில் இருப்பது, அவள் பெற்ற ஹாஃபெனியின் காலிலும் இருப்பது.

பள்ளிக்கூடம் போன பிள்ளை அப்படியே எல்லை தாண்டிப் படையில் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. அக்கம்பக்கத்தில் சாவுச் செய்தி வரும்போதெல்லாம் இவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"டேய் சுட்டி, உங்க அண்ணன் உயிரோட இருக்கான்டா!" என்றாள் காளையிடம். கன்றிலிருந்து ஹாஃபெனி வளர்த்த காளை அது. அதற்கு அந்த நேரம் தண்ணீர்தான் பெரிதாக இருந்தது.

தாகம் தீர்ந்த மாடுகளைத் தடத்தின் மேல் முன்னும் பின்னும் விரட்டினாள். காலடிகள் குளம்படிகளாயின. ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. புத்தி கெட்ட வேலை என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் தலையிலிருந்த கம்பு தானியக் கூடையை இறக்கி அதன்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் இருக்கட்டுமே.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் தென்னாப்பிரிக்கர்களின் கவச வண்டி வந்து நின்றது. தடம் பார்க்கிற ஷிகோங்கோ குதித்து இறங்கினான். பக்கத்து ஊர்க்காரன், அவர்கள் சோற்றைத் தின்கிறவன். ஆனாலும் அவளை 'மேமே' என்று தாய்க்குரிய மரியாதையோடுதான் கூப்பிட்டான்.

"என்ன மேமே, மாடெல்லாம் இங்க கூத்தாடியிருக்கு?"

"தண்ணி கெடச்சா ஆடாதா? சம்பளம் வாங்குனா நீ ஆடுறதில்ல?"

வண்டியில் யாரோ சிரித்தார்கள். ஷிகோங்கோவுக்கு முகம் சுருங்கியது. சுற்றி வந்தவன் கூடையருகே நின்றான்.

"கூடை ஏன் கீழ கெடக்கு?"

"கழுத்து வலி."

துப்பாக்கி முனையால் கூடையைத் தள்ளினான். குளம்படிகளுக்கு நடுவே ஒற்றைக் காலடி பளிச்சென்று தெரிந்தது.

"இது யார் காலு?"

இவன் குனிந்து அளந்தால் போச்சு. தடத்தின் வயது, ஆளின் எடை, போன திசை எல்லாம் சொல்லிவிடுவான். பிள்ளை தெற்கே எங்கோ வேலையை முடிக்காமல் இருக்கிறான். ரௌனா யோசிக்கவில்லை. ஓரெட்டு வைத்து அந்தக் காலடி மேலேயே ஏறி, முழுப் பாரத்தையும் இறக்கி நின்றாள்.

"என் காலுதான். நல்லாப் பாரு. இந்த விரல் இந்தப் பக்கம் வேற யாருக்குடா இருக்கு?"

ஷிகோங்கோ விரலைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"உன் காலடிய நீயே கூடை போட்டு மூடுவியா?"

"மூடுனேனா? எறக்கி வெச்சேன். காலடி படாம எறக்க நான் என்ன பறவையா?"

வண்டியிலிருந்த வெள்ளை அதிகாரி பொறுமையிழந்து கத்தினான். ஷிகோங்கோ எச்சிலைத் துப்பிவிட்டு ஏறிக்கொண்டான். தடம் கிடைக்காத வண்டி கிழக்கே போனது.

ரௌனா மெதுவாகக் காலை எடுத்தாள். மண்ணில் இப்போது அவள் காலடி மட்டும் இருந்தது. பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் காலாலேயே மிதித்தாயிற்று. அழுகை முட்டியது. கண்ணை உடுப்பு நுனியால் துடைத்துக்கொண்டு மாடுகளைத் திருப்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் தெற்கே, ராணுவ முகாம் பக்கம், பூமி அதிர வெடிச்சத்தம் கேட்டது. பெட்ரோல் எரிகிற கரும்புகை மரங்களுக்கு மேலே எழுந்தது. மாடுகள் எல்லாம் தலை தூக்கின.

ரௌனா சுட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டியாடா? உங்க அண்ணன்தான்!"

காளையை விட்டுவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். சின்ன வயதில் எல்லோரும் கேலி செய்த அந்தக் கோணல் விரலை மண் போகத் துடைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நிமிர்ந்து நடந்தாள்.